பதில் நாளைக்கு

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் தன்னை எடைபோடத்தான் வந்திருக்கிறார்கள் என்று மெர்சிக்குத் தெரியும். கரும்பலகையில் 'ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ்' என்று எழுதி முடிப்பதற்குள் சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது.

எம்.சி.ஏ. முடித்து வருடக்கணக்காகிவிட்டது. கோவை கணபதி பகுதியில் ஒரு மாடி அறைக் கம்ப்யூட்டர் சென்டரில் டாஸும் வேர்ட்ஸ்டாரும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்; அந்த சென்டரையும் போன மாதம் இழுத்து மூடிவிட்டார்கள்.

அவள் ஏறி இறங்காத கல்லூரி இல்லை. எல்லா இடத்திலும் ஊர் எது, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். அப்பா பெயர் அங்கப்பன், தோட்டத்துக் கூலி வேலைக்குப் போகிறவர் என்றதும், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

சரவணம்பட்டி தாண்டிப் புதிதாக முளைத்திருந்த இந்தக் கல்லூரியில் மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை. முந்தாநாள் வந்து நின்றாள், இன்றைக்கு வகுப்பு.

"யுனிவர்சிட்டி ஆளுங்க கிளாஸைப் பாக்க வாராங்க அம்மணி. நல்லா நடத்திப்போடுங்க. ஆர்டரெல்லாம் பொறவு வாங்கிக்கலாம்" என்றிருந்தார் தாளாளர் தம்பிதுரை.

பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம். பெஞ்சு கொள்ளாமல் பிள்ளைகள். ஒருவர் கையிலும் புத்தகம் இல்லை. இந்தப் பாடத்துக்கு முதல் நாள்தானே என்று நினைத்துக்கொண்டு இங்கிலீஷில் ஆரம்பித்தாள்.

எதிரே ஒரு முகமும் அசையவில்லை. இதுவும் போச்சு என்று நினைத்தாள். ஆனது ஆகட்டும் என்று தமிழுக்கு மாறினாள்.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் டைம்கீப்பர் வராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். எல்லா வண்டியும் வாசலிலேயே முட்டிக்கொண்டு நிற்கும் என்றான் ஒருவன். சிரிப்பு எழுந்தது.

கம்ப்யூட்டருக்குள்ளும் அதே கதைதான் என்றாள் மெர்சி. வேலை செய்கிற மூளை ஒன்று, ஓடக் காத்திருக்கிற புரோகிராம்கள் பல. யாருக்கு எப்போது முறை, எவ்வளவு நேரம் என்று முடிவு செய்ய உள்ளே ஒரு டைம்கீப்பர் வேண்டும், அதுதான் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று சொன்னபோது வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

முன் வரிசையில் ஒரு பெண் தயங்கித் தயங்கி எழுந்தாள். காதோரம் அவள் முடியில் வெள்ளையாக எதுவோ ஒட்டியிருந்தது. காலையில் வைத்த மல்லிகையின் இதழாக இருக்கும் என்று மெர்சிக்குத் தோன்றியது.

"மத்தவங்களையே முன்னால உட்டுப்போட்டு, ஒருத்தருக்கு மட்டும் மொறையே வராமப் போச்சுன்னா என்னங்க மிஸ் பண்றது?"

மெர்சி சாக்பீஸைக் கீழே வைத்தாள். பாடத்திலேயே அதற்கு ஒரு பெயர் உண்டு, 'பட்டினி' என்று மெதுவாகச் சொன்னாள். அதைத் தீர்க்க ஒரு வழியும் உண்டு என்றாள்.

"நாளைக்கு மொத வேலையா அதத்தான் பாக்கப்போறோம் கண்ணு."

மணி அடித்தது. கடைசி பெஞ்சுக்காரர்களில் ஒருவர் தலைகளை எண்ணி முடித்து எழுந்தார். திருப்தி, திருப்தி என்று, அழைத்துப்போக வந்த தாளாளரிடம் சொல்லிக்கொண்டே மூவரும் வெளியே நடந்தார்கள். தம்பிதுரை வாசலில் திரும்பி மெர்சியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

மெர்சி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ வருடம் கழித்து அவளுக்கும் மறுநாள் காலையில் கிளம்பிப் போக ஒரு கல்லூரி இருந்தது. வீட்டில் இதை முதலில் அம்மாவிடம் சொல்வதா, அப்பாவிடம் சொல்வதா என்று யோசித்தாள்.

பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வெளியேறினார்கள். கேள்வி கேட்ட பெண்ணை மட்டும் கூப்பிட்டு நிறுத்திப் பெயர் கேட்டாள். காளியாத்தாள் என்றாள் அவள்.

நல்ல கேள்வி கேட்டாய், நாளைக்கு ஒரு நோட்டுக் கொண்டுவந்து இதே இடத்தில் உட்கார் என்றாள் மெர்சி. காளியாத்தாள் புரியாமல் அவளையே பார்த்தாள்.

"நாளைக்குப் பொள்ளாச்சிப் பக்கம் வேற காலேஜுல போயி உக்காரோணுமுங்களே மிஸ். நீங்களும் எங்க மில்லு வேன்லதான வாரீங்க?"