அத்தை சொன்ன நிலவரம்

"அத்தை, அங்க நாத்தம் வருதா?"

சாப்பிட்டீங்களா என்றுகூடக் கேட்காமல் எடுத்த எடுப்பிலேயே ராஜ்கமல் இப்படிக் கேட்டதும், போனில் மாமியார் மாரியம்மாள் கொஞ்சம் யோசித்தாள்.

"இல்லியே மாப்ள. கடக்காத்துதான் ஜிலுஜிலுன்னு அடிக்குது. பாப்பா எப்பிடி இருக்கா?"

"நல்லா இருக்கா. நல்லா மோந்து பாத்துச் சொல்லுங்க அத்தை. ராத்திரியில?"

"ராத்திரியிலயும் இல்ல மாப்ள."

மாமியார் வீட்டில் நாற்றம் அடிக்கவில்லையே என்று எந்த மருமகனாவது கவலைப்படுவானா? இவன் பட்டான்.

கடலூர் சிப்காட்டில் மாரியம்மாள் வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு ரசாயன ஆலை. திவாலாகி மூடிக் கிடந்ததைப் புது முதலாளி எடுத்திருந்தார். ஷேர் மறுபடி மார்க்கெட்டுக்கு வந்ததும், கீரப்பாளையத்தில் மனை வாங்க வைத்திருந்த பணத்தை மொத்தமாக அதில் போட்டுவிட்டான் இந்தப் புண்ணியவான். மனைவி சத்யப்பிரியாவிடம் மூச்சுகூட விடவில்லை. மாமியார் காதுக்குப் போனால் அவள் காதுக்கும் போய்விடும் என்று அங்கேயும் கப்சிப்.

"பழைய கடனெல்லாம் தள்ளுபடி ஆயிடுச்சு மச்சான். பேப்பர்ல கம்பெனி பளபளன்னு இருக்குது" என்றான், சிதம்பரம் மேலவீதியில் ஷேர் ஆபீஸ் வைத்திருக்கும் நண்பன் சுரேந்தர். "ஆனா ஆலை ஓடினாத்தான் இந்த வெல தாங்கும். ஓடலன்னா துருப்பிடிச்ச இரும்பும் கீழ இருக்கிற மண்ணும்தான் மதிப்பு. புதுக் கணக்கு இன்னும் வரல. அதுக்குள்ள ஓடுதா இல்லியான்னு உனக்குத் தெரிஞ்சா நீதான் ராஜா."

அதைத் தெரிந்துகொள்ள ராஜ்கமலுக்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஆலை ஓடினால் அழுகின முட்டை நாற்றம் ஊரையே தூக்கும். தலைப்பொங்கலுக்குப் போனவன், ஒரு ராத்திரி மூக்கைப் பொத்திக்கொண்டு கிடந்துவிட்டு, விடிந்ததும் பஸ் ஏறினான். அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆலை மூடின பிறகும், "அங்கயா? பாப்பாவுக்கு ஒத்துக்காது" என்று நழுவிக்கொண்டே இருந்தான். இப்போது மட்டும் நேரில் போவானா? போன் எதற்கு இருக்கிறது!

தினமும் கேட்டான்.

"துளிகூட இல்ல மாப்ள" என்பாள் மாரியம்மாள். "பேத்திய எப்ப கண்ணுல காட்டுவீங்க?"

"பாக்கலாம் அத்தை."

வெள்ளிக்கிழமை மேலவீதிக்கு ஓடினான்.

"அத்தனையும் வித்துடு மச்சான். ஆலை ஓடல."

"யாரு சொன்னா? அவசரப்படாத."

"உள்ளூர் ஆளு. பொய் சொல்லவே தெரியாது."

வாங்கின விலையை விடக் குறைச்சல்தான் கிடைத்தது. மிச்சமாவது தப்பித்ததே என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சத்யப்பிரியா குழந்தையும் பையுமாக வந்து நின்றாள்.

"வாடையே இல்லன்னு எங்கம்மாகிட்ட நீங்களே தெனம் கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டீங்க. இன்னிக்கு என்ன சாக்கு சொல்லப்போறீங்க?"

ராஜ்கமல் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

சிப்காட் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் குப்பென்று மூக்கில் ஏறியது அழுகின முட்டை. ராஜ்கமல் பதறி நிமிர்ந்து பார்த்தான். புகைபோக்கி ஜம்மென்று புகை விட்டுக்கொண்டிருந்தது. கேட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அந்த நேரம் பார்த்துப் போனில் சுரேந்தர்.

"மச்சான், நேத்து சாயங்காலம் கணக்கு வந்துடுச்சு. நல்ல லாபம்! நாளைக்கு மார்க்கெட் தொறந்ததும் ஷேர் எகிறப்போவுது. யார்ரா அந்த உள்ளூர் ஆளு?"

அந்த உள்ளூர் ஆள் வாசலிலேயே காத்திருந்து பேத்தியை வாரி எடுத்து உச்சி முகர்ந்தாள்.

"அத்தை!" ராஜ்கமலுக்கு அழுகையே வந்துவிட்டது. "நாத்தமே இல்லன்னு தெனம் சொன்னீங்களே! இந்த நாறு நாறுதே!"

மாரியம்மாள் முந்தானையால் குழந்தையின் மூக்கை மெதுவாக மூடிக்கொண்டாள்.

"ரெண்டு மாசமா இப்பிடித்தான் நாறுது மாப்ள. நீங்க தெனம் கேக்கும்போதே எனக்குப் புரிஞ்சிபோச்சு, பாப்பாவ இட்டுக்கினு வரத்தான் கேக்கறீங்கன்னு. நாறுதுன்னு சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"