மூன்று புள்ளி ஒன்று

“விரலைக் குடுங்க்கா” என்றாள் அனிதா.

நிர்மலா உடனே நீட்டவில்லை. ஜூடோ சட்டையின் பட்டியை அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள். மூச்சு வாங்குவதுபோலத் தோளை ஏற்றி இறக்கினாள்.

அவள் தோற்று மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

அனிதா கோவையில் படிக்கும் ஆராய்ச்சி மாணவி. சண்டை முடித்து வருகிற ஒவ்வொருத்தியின் விரலையும் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். உடம்பு உயிரைக் கொடுத்து மோதினால் ரத்தத்தில் லாக்டேட் ஏறும், கையடக்க மெசின் அதை அங்கேயே காட்டிவிடும் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டபோது நிர்மலாவுக்கு அது உறைக்கவில்லை.

இதுவரை வந்தவர்களுக்குப் பன்னிரண்டு, பதினொன்று, பதினான்கு.

ஊசி குத்தியது.

மூன்று புள்ளி ஒன்று.

“ஏனுங்க்கா, நாலு நிமிசமும் நெசமாலுமே சண்டை போட்டீங்களா?”

நிர்மலா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பயிற்சியாளர் சோணைமுத்து தள்ளி நின்று ஜனனியின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழவில்லை.

நிர்மலாவுக்கும் அவளை ஜெயித்த ஜனனிக்கும் முதலிபாளையத்தில் ஒரே பனியன் கம்பெனி. நிர்மலா ஓவர்லாக் மெசினில், ஜனனி செக்கிங் மேசையில். ஷிப்ட் முடிந்ததும் ஒரே விரிப்பில் பயிற்சி. இன்று ஜெயித்தவள் மாநிலப் போட்டிக்குப் போவாள். அங்கே பதக்கம் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு எழுதிப் போடலாம்.

ஜனனி தேர்வாகாவிட்டால் ஆவணியில் கல்யாணம். அவள் அப்பா மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்கே கொடுத்துவிட்டார்.

அதனால்தான் நிர்மலா அவள் சட்டையின் கழுத்துப் பட்டையைப் பிடித்தபடி சும்மா சுற்றிச் சுற்றி வந்தாள். ஜனனியும் நெருங்கவில்லை. நடுவர் இருவரையும் எச்சரித்தார். பிள்ளை பயந்துவிட்டாள் என்று நினைத்தாள் நிர்மலா. கடைசி நொடிகளில் ஜனனியின் பாதம் கணுக்காலில் லேசாக உரசியது. அது போதும் என்று மல்லாந்து விழுந்தாள்.

வேண்டுமென்றே விழுந்தது தெரிந்தால் ஜனனி ஜெயித்ததும் செல்லாது.

“காலையில ஒண்ணும் சாப்பிடலீங்க, அதனாலயா இருக்கும்” என்று பொய் சொன்னாள்.

அனிதா நம்பினாளா, தெரியவில்லை. எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஜனனி வந்தாள். ஜெயித்தவள் முகத்தில் சிரிப்பே இல்லை. நிர்மலாவைப் பார்க்காமல் விரலை நீட்டினாள்.

இரண்டு புள்ளி ஒன்பது.

அனிதா மெசினைத் தட்டினாள், உதறினாள். “மெசின்தான் கெட்டுப்போச்சாட்ட இருக்குது” என்று முனகிக்கொண்டே வேறு மெசின் எடுக்கப் பையைத் துழாவினாள்.

ஜனனி பஞ்சை விரலில் அழுத்தியபடி நிர்மலாவின் பக்கம் குனிந்தாள். கண் கலங்கியிருந்தது.

“போலீசுக்கு எழுத உங்களுக்கு இதுதானுங்க்கா கடைசி வருசம். நான் விழுகறதுக்குள்ள நீங்க முந்திக்கிட்டீங்களே!”

வயது வரம்பு முடியப்போவதை நிர்மலா யாரிடமும் சொன்னதில்லை.

அனிதா புது மெசினோடு நிமிர்ந்து, இன்னொரு தடவை விரலை நீட்டச் சொன்னாள்.

இருவருமே கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள்.