பன்னிரண்டாம் எண்

"தீ! இடது இன்ஜின்ல தீ!"

மணி காதைப் பிளந்தது. எதிரே சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் ஒரு நொடி உறைந்துபோனாள். நான்கு வருஷமாக மருந்து பாட்டிலும் டியூஷன் நோட்டும் மட்டுமே பிடித்த கை.

"அக்கா, சொல்லுங்க. அடுத்தது என்ன?" என்றான் வலது இருக்கையில் இருந்தவன், ஏதோ காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்பதுபோல.

அந்தக் குரல் போதும். கை தானாக நகர்ந்தது. எரிபொருளை அடைத்தாள், தீயணைப்புக் கைப்பிடியை இழுத்தாள், ஒற்றை இன்ஜினில் வண்டியைத் தள்ளாடாமல் இறக்கினாள்.

விளக்குகள் எரிந்தன. விமானம் தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. கட்டடத்துக்குள் ஆறு இரும்புக் கால்களில் நின்று குலுங்கும் பயிற்சி எந்திரம் அது.

"பாஸாயிட்டீங்க," என்றார் பின்னால் இருந்த தேர்வாளர். "ஆனா முதல்ல ஒரு நொடி முழிச்சீங்க பாருங்க, அது கூடாது. மேல இருக்கிறப்போ ஒரு நொடி ரொம்ப நீளம்."

இருவரும் இரும்புப் படிகளில் இறங்கினார்கள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"டேய், லீவு நாளை எனக்காக விட்டுட்டு வந்தியே. இந்த நன்றியை நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுவேன்?"

"விடுங்கக்கா. வீட்டுல இருந்தா ஒட்டடை அடிக்கச் சொல்வா. தப்பிச்சேன்."

கம்பெனியில் அவனுக்கு 'வலதுபக்கம்' என்று பட்டப்பெயர். இடது இருக்கை கேப்டனுக்கு, வலது இருக்கை துணை விமானிக்கு. ஒன்பது வருஷமாக அவன் வலதை விட்டு நகரவே இல்லை.

அந்தச் சின்னக் கம்பெனியில் பதவி, சம்பளம், லீவு எல்லாமே வேலைக்குச் சேர்ந்த வரிசை எண்ணை வைத்துத்தான். முதல் பன்னிரண்டு பேர் கேப்டன்கள். மகனுக்கு இதயத்தில் அடுத்தடுத்து அறுவை சிகிச்சை என்று அவள் வேலையை விட்டபோது அவள் பன்னிரண்டாம் எண். அவன் பதின்மூன்று.

"நான் போனதும் நீதானே மேல ஏறியிருக்கணும்? ஏன்டா ஏறல?"

"கேப்டன் ஆனா மைக்ல பேசணும்க்கா. எனக்குக் கூச்சம்."

"வாய் மட்டும் கிழியுது! சம்பளம் டபுள்டா. உன் பொண்டாட்டி உன்னை எப்படிச் சும்மா விட்டா?"

"ரெண்டு நாள் பேசல. அப்புறம் பேசிட்டா."

"உனக்குப் பயம். பொறுப்புன்னாலே பயம். எல்லாரும் சொல்றது சரிதான்."

"சரிதான்க்கா," என்றான் அவன், சட்டென்று. "நீங்க போய் சம்பளக் கடிதத்தை வாங்குங்க. நான் வண்டியை எடுத்துட்டு வரேன்."

சம்பளம். அதை நினைத்துக்கொண்டே அவள் அலுவலகப் பக்கம் நடந்தாள். திரும்பி வருகிறவர்கள் கடைசி எண்ணில்தான் சேர வேண்டும். கடைசி எண்ணின் சம்பளம் அவளுடைய டியூஷன் வருமானத்தைவிடக் குறைவு. மகன் இப்போது மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுகிறான். அந்த மருத்துவமனைக்குக் கோயில் கட்டலாம். ஆனால் அங்கே கட்டவேண்டிய தவணை இன்னும் பாக்கி. 'ஆசை வேற, மாசக் கடைசி வேற. நீயே பார்த்து முடிவு பண்ணு' என்று கணவன் காலையில் தோளைத் தட்டி அனுப்பியிருந்தான். அவளும் முடிவு செய்துவிட்டாள். கடைசி எண் என்றால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

சம்பளப் பிரிவு அதிகாரி உறையை நீட்டினார். மூக்கு நுனியில் கண்ணாடி, மேஜை நிறையக் கோப்புகள்.

அவள் பிரித்தாள். படித்தாள். மறுபடி படித்தாள்.

கேப்டன். வரிசை எண் பன்னிரண்டு. சம்பளம், பழைய சம்பளத்துக்கும் மேலே.

வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன என்று மனசு ஒரு கணம் கேட்டது. தவணை கண்ணெதிரே வந்து நின்றது. பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். பிறகு மூடி வைத்தாள்.

"சார், யாரோ தப்பா டைப் பண்ணிட்டாங்க. நான் கடைசி எண்ணுல சேரணும்."

"தப்பெல்லாம் இல்லம்மா. பன்னிரண்டு காலியாத்தான் இருக்கு."

"நாலு வருஷமாவா? எப்படி சார்?"

"மேல இருக்கிற பதினோரு பேரும் நாற்காலியில பசை போட்ட மாதிரி இருக்காங்க, ஒருத்தரும் நகரல. உங்க விமானத்தை ஒப்பந்தத்துல வெளியாளை வச்சு ஓட்டினோம்." அவர் ஒரு கோப்பை இழுத்துப் பிரித்தார். "இப்படி ஒரு விதி இருக்கிறதே யாருக்கும் தெரியாது. அடுத்த எண்ணுல இருக்கிறவர் 'நான் மேல ஏறல'ன்னு வருஷா வருஷம் எழுதிக் கொடுத்தா, போனவங்க இடத்தை அப்படியே வைக்கலாம்."

நான்கு தாள்களை அவள் பக்கம் திருப்பி வைத்தார். நான்கிலும் ஒரே கையெழுத்து. அவள் பார்த்துப் பழகிய, கிறுக்கலான கையெழுத்து.

"காரணம் எழுதணும்னு ஒரு கட்டம் இருக்கும்மா," என்றார் அதிகாரி, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. "நாலு வருஷமும் பதிமூணாம் எண்காரர் அதுல ஒரே வரிதான் எழுதியிருக்கார்: 'அக்கா திரும்பி வருவாங்க.'"