முப்பது வருஷப் புகைக்குக் கட்டமில்லை

கெடிரி ஊர் ஆஸ்பத்திரியின் காலை வெயில் கணினித் திரையில் விழுந்து கூசுகிறது. டாக்டர் பிரசோஜோ அதைக் கையால் மறைத்துக்கொண்டு, ஆண்டவன் எழுதியதையே வாசிப்பதுபோல வாசிக்கிறார். நாளை, எதிரே உட்கார்ந்திருக்கும் வாகிமானின் வயிற்றைத் திறந்து கட்டியை எடுக்கவேண்டும். அதன்பின் நுரையீரல் தாங்குமா என்பதற்குத்தான் இந்தக் கணக்கு. "வயசுக்கு மூணு புள்ளி. மேல்வயித்து வெட்டுக்குப் பதினஞ்சு. ஆபரேஷன் நேரத்துக்குப் பதினாறு. போன மாசம் வந்த நெஞ்சுச்சளிக்குப் பதினேழு. மொத்தம் அம்பத்தொண்ணு. ஆபத்து அதிகம்." "முப்பது வருஷமா இந்த மனுஷன் ஊதுன கிராம்பு சிகரெட்டுக்கு எவ்வளவு டாக்டர்?" என்கிறாள் மனைவி சரினெம். "அதுக்கு இதுல கட்டமே இல்லம்மா." "இல்லையா? அப்ப நான் முப்பது வருஷமாத் திட்டுனது?" ஜெயித்தோமா தோற்றோமா என்று தெரியாமல் வாகிமான் சிகரெட் இருக்கும் சட்டைப்பையைத் தொட்டுக்கொள்கிறார். "புகை கெடுதல்தான், ஆனா இந்தக் கணக்குல வராது" என்று விளக்க விளக்க டாக்டருக்கே குழம்புகிறது. "அதெல்லாம் இருக்கட்டும் டாக்டர், நான் பொழைப்பேனா?" கேட்டு முடிப்பதற்குள் வாகிமானுக்கு இருமல் பிடித்துக்கொள்கிறது. நாற்காலி கிறீச்சிட, நெஞ்சு குலுங்க, விடாமல் இருமுகிறார். டாக்டர் அவசரமாகத் திரையில் இருமலுக்குக் கட்டம் இருக்கிறதா என்று தேடுகிறார். சரினெம் திட்ட வாயெடுத்தவள், திட்டாமல் அவர் முதுகைத் தடவுகிறாள்.