பாதையில் ஒரு வளைவு

"நேராப் போட்டா என்ன தம்பி? பார்க்குக்குள்ள நடக்கறதுக்கு இத்தனை வளைவு எதுக்குங்கறேன்?"

லிங்கப்பன் கம்ப்யூட்டர் திரையை விரலால் தட்டிக் கேட்டார். அதன் முன்னால் உட்கார்ந்திருந்த ஆலன் திரும்பிப் பார்க்கவில்லை. மவுஸைப் பிடித்திருந்த கை மட்டும் அப்படியே நின்றது.

மைசூரில் அப்போது கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் அலுவலகங்கள் சொற்பம். ஆர்க்கிடெக்ட் மஞ்சுநாத்தின் அலுவலகம் அவற்றில் ஒன்று. ஹெப்பாள் பக்கம் புதிதாக வந்த குடியிருப்பு லேஅவுட்டில் பூங்கா அமைக்கும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. வரைகிறவன் ஆலன். லிங்கப்பன் லேஅவுட் சங்கத்தின் தலைவர். ராமாபுரத்துக்காரர், தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு செங்கல் நகரும். அலுவலகத்துக்கு அவர் வந்தது அன்றுதான் முதல்முறை.

"நேராப் போட்டா சைக்கிள்காரங்க குறுக்குவழியா அடிச்சுட்டுப் போவாங்க சார். வளைஞ்சு போனா நடக்கறவங்களுக்கு நல்லாயிருக்கும்" என்றான் ஆலன்.

"நடக்கறவங்களுக்கு மட்டுமா? ஒளியறவங்களுக்கும் நல்லாத்தான் இருக்கும்! என் வீடு பார்க்குக்கு எதிர்லதான் இருக்குது. மாடியில நின்னா இந்தக் கேட்ல இருந்து அந்தக் கேட் வரைக்கும் எனக்குத் தெரியோணும். யார் வர்றாங்க, யாரோட உட்கார்ந்து பேசறாங்க, எல்லாம் தெரியோணும்."

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க வராந்தாப் பக்கம் போனார். மஞ்சுநாத் அவசரமாக ஆலனிடம் குனிந்தார்.

"நேராக்கித் தொலையேன்பா. அந்த மனுஷனைப் பத்தி உனக்குத் தெரியாது. அவர் பொண்ணு யாரையோ கட்டிக்கிட்டுப் போயிட்டா. அதுல இருந்து யாரைப் பார்த்தாலும் சந்தேகம். அந்தப் பொண்ணோட பேரை வீட்ல யாரும் எடுக்கக் கூடாது. சம்சாரம் ஒருநாள் அவளைப் பார்க்கப் போனது தெரிஞ்சு, புருஷன் பொண்டாட்டி பேச்சே நின்னு போச்சாம். அந்தம்மா சாயங்காலம் ஸ்வல்ப தூரம் நடந்துட்டு வர்றதோட சரி."

ஆலன் திரையில் ஒரு வளைவைப் பெரிதாக்கினான்.

"அவர் முறுக்கிக்கிட்டா வேலை வேற ஆபீசுக்குப் போயிடும். அப்புறம் உனக்குச் சம்பளம் எங்கேருந்து தர்றது?"

"மத்த வளைவையெல்லாம் எடுத்துடறேன் சார். இந்த ஒண்ணை மட்டும் விட்டுடுங்க."

அந்த ஒன்றுக்காக அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. புள்ளி புள்ளியாக வைத்து, அவற்றை ஒரே கோடாக இணைத்தால் மூட்டுக்கு மூட்டு முழங்கை மாதிரி மடங்கிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தி நகர்த்தி, தண்ணீர் ஓடுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போகும்வரை விடவில்லை. வளைவின் உள்பக்கம் அடர்த்தியாக மூங்கில் வைத்தான். மூங்கிலுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு.

ஆலன் சொன்னது காதில் விழ, லிங்கப்பன் திரும்பி வந்தார். "அந்த ஒண்ணுல அப்படி என்னங்க விசேஷம்?"

"அங்க ஒரு பெஞ்சு வருது சார். நடக்க முடியாதவங்க கொஞ்சம் உட்கார்றதுக்கு. மேற்கு வெயில் படாது."

"என் மாடியில இருந்து பார்த்தா எப்படி இருக்கும்? இதுல காட்ட முடியுமா?"

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் மஞ்சுநாத் முந்திக்கொண்டார். "ஓ, காட்டலாமே! மாடியில நிக்கற ஆளோட கண்ணுக்கு என்ன தெரியுமோ அதையே காட்டும் சார்."

ஆலன் விசைகளைத் தட்டினான். திரை இருண்டது. பிறகு கோடு கோடாகப் படம் மேலெழுந்தது. முதலில் மாடிக் கைப்பிடி. பிறகு பூங்காவின் கேட். பிறகு பாதை. பாதை மூங்கில் வரை வந்து மறைந்து, தள்ளிப் போய் மறுபடி தலைகாட்டியது.

லிங்கப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "எங்க மாடிக் கைப்பிடிக் கம்பியக்கூட அப்படியே போட்டிருக்கறீங்களே!"

"ரோட்ல இருந்து பார்த்துப் போட்டது சார்." அது உண்மைதான்.

"பெஞ்சு எங்கே?"

"இருக்குது சார். இங்கிருந்து தெரியாது."

"அதுல ரெண்டு பேர் உட்கார்ந்து பேசிட்டிருந்தா?"

"தெரியாது சார்" என்றான் ஆலன்.

"எடுத்துடச் சொல்றேன் சார், இப்பவே எடுத்துடச் சொல்றேன்" என்று பதறினார் மஞ்சுநாத்.

லிங்கப்பன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். வேலை போயிற்று என்று ஆலன் முடிவு கட்டிக்கொண்டான்.

"வேண்டாங்க" என்றார் லிங்கப்பன். "அந்த வளைவு அப்படியே இருக்கட்டும்."

மஞ்சுநாத்துக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "நிஜமாவா சார்?"

"கண்ணுல பட்டுட்டா நான் சும்மா இருக்கமாட்டேனுங்க. ஒருக்கா வாயை விட்டுச் சொன்ன சொல்லு, மாத்திக்கவும் எனக்கு வராது. அதனால தெரியாம இருக்கறதே நல்லது. எங்க கையெழுத்துப் போடோணும், காட்டுங்க."

ஆலன் மற்ற வளைவுகளை எடுத்து அச்சிட்டுத் தந்த படத்தில் போட்டுக் கொடுத்தார். அவர் மனம் மாறுவதற்குள் பத்திரப்படுத்திவிட வேண்டும் என்பதுபோல, மஞ்சுநாத் படத்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளறைக்கு ஓடினார்.

ஆலனும் லிங்கப்பனும் மட்டும் இருந்தார்கள். லிங்கப்பன் குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். என்ன நினைத்தாரோ, திரும்பி நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவ அம்மா சாயங்காலந்தான் நடக்க வருவா, அந்நேரம் அனுவைக் கூட்டிட்டு வாங்க. மாசமா இருக்கற புள்ளை, பெஞ்சுக்குப் போற வழியில படி கிடி வெச்சுடாதீங்க மாப்பிள்ளை."