குண்டு உருண்டையின் போதை

மெர்லின் வீட்டு ஃப்ரிட்ஜில் பன்னிரண்டு சாக்லேட் உருண்டைகள் தட்டில் உட்கார்ந்திருந்தன. அவற்றில் பெரியதன் பெயர் குண்டு. "இதுல நல்லா ரம் ஊத்தப்போறேன்" என்று மாவு பிசையும்போதே மெர்லின் சொன்னது அதன் காதில் விழுந்திருந்தது. அதனால் உருட்டி முடித்ததுமே குண்டுக்குத் தலை சுற்றியது.

முதலில் பாடியது. பிறகு அழுதது. அப்புறம் பக்கத்திலிருந்த தயிரிடம் திரும்பியது.

"தயிரக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, உள்ளே போன ரம்தான் பேசுது. உங்க பக்கத்துல மனுஷன் இருக்க முடியுமா? அப்படி ஒரு புளிச்ச வாடை!"

தயிர் விம்மியது. "குடிச்சிருக்கு, விடுங்கக்கா" என்று வெண்ணெய் தேற்றியது.

அப்போது கதவு திறந்தது. மெர்லின் ஒரு ரம் பாட்டிலை உள்ளே வைத்தாள். சீல்கூட உடையவில்லை.

"ஐயோ, ஊத்தவே மறந்துட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

மற்ற பதினொரு உருண்டைகளும் குண்டையே பார்த்தன.

தயிர் மெதுவாகக் கேட்டது. "அப்போ நீ நிதானமாத்தான் சொன்னியா?"

குண்டுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, நாக்குழறச் சொன்னது.

"எனக்கு... ரம்முன்னு பேரைக் கேட்டாலே ஏறிடும்க்கா."