நெயில் பாலிஷ் பொட்டு

"போச்சு! நம்ம தலையில நல்லா மிளகா அரைச்சிட்டான்ங்க!"

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் டார்ச்சோடு அவள் கத்தினாள்.

கட்டிலில் இருந்த கணவர் கீபோர்டைத் தட்டினார்.

"கத்தாதே. யாரு? என்ன அரைச்சான்?" என்றது கம்ப்யூட்டர்.

பேசியது கம்ப்யூட்டர்தான், ஆனால் குரல் அவருடையது. முப்பது வருஷம் பஸ்ஸில் "உள்ளே போ, உள்ளே போ" என்று விரட்டிய கண்டக்டர் குரல். தொண்டையில் ஆபரேஷன், இனி பேச்சு வராது என்று டாக்டர் சொன்னதும், பத்து நாள் உட்கார்ந்து பேசிப் பேசிப் பதிவு செய்து வைத்தார். இப்போது அவர் டைப் அடித்தால் சாஃப்ட்வேர் அதே குரலில் பேசும்.

அந்த சாஃப்ட்வேரில் ஒரு வில்லங்கம். முதலில் போட்ட கம்ப்யூட்டரின் மதர்போர்டு நம்பரைப் பார்த்தால்தான் வாயைத் திறக்கும். வேறு கம்ப்யூட்டரில் போட, கம்பெனிக்காரன் புதுசாக ஒரு ரகசிய எண் தர வேண்டும். அந்தக் கம்பெனியை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள்.

போன வாரம் பெட்டியிலிருந்து குபுகுபுவென்று புகை. பெரிய ஷோரூமில் கேட்டாள்.

"மதர்போர்டு எரிஞ்சுடுச்சு மேடம். போர்டை மாத்தினா பழைய குரல் பேசாது. புதுசு வாங்கிக்குங்க. வேற குரல் போட்டுத் தர்றோம்."

"வேற ஆம்பளை குரல் என் வீட்டுல எதுக்குய்யா?" என்று எழுந்து வந்துவிட்டாள்.

கடைசியில் தெருமுனை ரிப்பேர்காரர்தான், "நாலு நாள் குடுங்கம்மா, பார்க்கறேன்" என்று வாங்கிக்கொண்டார்.

அந்த நாலு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. திட்டினால் திருப்பித் திட்ட ஆளில்லாத வீடு ஒரு வீடா?

நேற்று காலை பெட்டி திரும்பி வந்தது. வந்ததும் அது பேசிய முதல் பேச்சு: "என்னடி, நாலு நாளா நான் வாயை மூடினதுல நல்லா தூங்கினியா?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ரிப்பேர்காரரோ, "கூலி மட்டும் குடுங்கம்மா, போதும்" என்று வாங்கிக்கொண்டு, ஒரு வாய் டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

மாடி வீட்டு அக்காவுக்கு அதுதான் உறுத்தியது.

"வெறும் கூலியா? இந்தக் காலத்துல எவன் சும்மா செய்வான்? உள்ள இருக்கற நல்ல பார்ட்டை உருவியிருப்பான். திறந்து பாரு. நான் சொன்னபடி பொட்டு வெச்சுத்தானே குடுத்தே?"

வைத்திருந்தாள். அக்கா கொடுத்த யோசனைதான். பெட்டியைக் கொடுக்கும் முன்னால், உள்ளே ஒவ்வொரு சாமானிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு.

இப்போது பார்த்தால் ஃபேனில் பொட்டு இருக்கிறது. மற்றதிலும் இருக்கிறது. மதர்போர்டில் மட்டும் இல்லை!

"போர்டை மாத்தினா பேசாதுன்னு ஷோரூம்காரன் சொன்னான். இவன் மாத்தியிருக்கான், ஆனாலும் பேசுது. என்னமோ தகிடுதத்தம் பண்ணியிருக்கான்ங்க! நம்மளுதை எடுத்துக்கிட்டு எதையோ ஒட்டுப்போட்டு மாட்டியிருக்கான். நாளைக்கு இதுவும் புகைஞ்சா உங்க குரலுக்கு நான் எங்க போவேன்?"

"போய்க் கேட்டுட்டு வா. அடிச்சுக்கிடிச்சு வெச்சிடாதே."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

ரிப்பேர்காரர் ஏதோ பிரிண்டரைக் குடைந்துகொண்டிருந்தார். மேஜையில் அவருடைய சொந்தக் கம்ப்யூட்டர் திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அதன் மேல் கருகிப்போன ஒரு போர்டு. ஓரத்தில் சிவப்புப் பொட்டு.

"இது எங்க வீட்டு போர்டு!"

"ஆமாம்மா, உங்களுதுதான். எரிஞ்சுபோனது."

"அப்ப எங்க வீட்டுல இருக்கறது யாரோடது?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"அதே மாடல் போர்டு இப்ப வர்றதில்லம்மா. ஊரெல்லாம் அலைஞ்சேன். கடைசியில பார்த்தா, நான் பாட்டு கேக்கற என் கம்ப்யூட்டர்லயே அதுதான் இருக்கு! உங்க போர்டுல நம்பர் இருக்கற சிப் மட்டும் நல்லவேளையா தப்பிச்சிருந்துச்சு. அதைக் கழட்டி என் போர்டுல ஈயம் வெச்சுப் பத்தவெச்சு, உங்க பெட்டியில மாட்டினேன். சாஃப்ட்வேர் நம்பரைப் பார்த்துச்சு, பழைய வீடுதான்னு நெனைச்சுக்கிச்சு."

"இதை ஏன் சொல்லலை?"

"சொன்னா வேணாம்பீங்க. பாட்டை ரேடியோவுலயும் கேட்டுக்கலாம்மா. சார் குரலை வேற எதுல கேக்கறது?"

அவள் இடுப்பில் செருகியிருந்த முந்தானையை இறக்கிவிட்டாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

"தம்பி... உங்களைப் போய் என்னென்னவோ நெனைச்சிட்டேனே. நீங்க நல்லா இருக்கணும்ப்பா. உங்க குடும்பமே நல்லா இருக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் கண்டக்டர் குரல் விசாரித்தது.

"என்னாச்சு? திருட்டுப்போன போர்டு கிடைச்சுதா?"

அவள் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, பொட்டில்லாத அந்த போர்டையே பார்த்தாள்.

"கிடைச்சுதுங்க. அவரோடது. நம்ம வீட்டுலதான் இருக்கு."